வெற்றியும் சான்றும்

தான் பெற்ற வெற்றியைப் பிறரிடம் எடுத்துரைப்பதில் மனிதனுக்கு எக்காலத்தும் பெருவிருப்பம் உண்டு. வேட்டைக்குச் சென்று மீண்டவன் தான் வீழ்த்திய வேங்கையைப் பற்றிச் சொல்லுந்தோறும் அவ்வேங்கை ஒரு சாண் வளர்வதைக் கேட்போர் அறிவர். சிலம்பக் கூடத்தில் ஒருவனைச் சாய்த்தவன், வீடு வந்து சேர்வதற்குள் மூவரைச் சாய்த்தவன் ஆகிவிடுவதும் உண்டு. இவை கேட்டு மகிழ்தற்குரியவை. எவருக்கும் தீங்கு செய்யாதவை. ஆயினும், ஒரு கூற்று மெய்யா அன்றா என்று துணிய வேண்டிய நிலை வரும்பொழுது, மகிழ்ச்சி ஒன்றே நமக்குத் துணையாகாது. அங்கே சான்று வேண்டும்.

இக்காலத்தில் இத்தகைய வெற்றிப் பேச்சுகளுள் புதியது ஒன்று வந்து சேர்ந்துள்ளது. "மிக்க வலிமை வாய்ந்த சதுரங்கப் பொறியை நான் வென்றேன்" என்பதே அது. கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ இயங்கிச் சதுரங்கம் ஆடும் நிரலையே இங்குச் சதுரங்கப் பொறி என்கிறோம். ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் இவ்வாறு கூறுகின்றனர். அவர்கள் கூற்றை நாம் நம்பலாமா? நம்பாவிடின் அவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிடலாமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதற்கண் இவ்விளையாட்டின் இயல்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தாயம் உருட்டி ஆடும் ஆட்டத்தில் நேற்றுக் கற்றவனும் பல்லாண்டு பழகியவனை வெல்லலாம்; தாயக்கட்டை எவன் பக்கமும் விழும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தவனுக்குப் பாதி வெற்றி முன்னரே கிடைத்துவிடுகிறது. சதுரங்கமோ அவ்வாறன்று. 64 கட்டங்களும் 32 காய்களும் இருவர் கண்முன்னும் வெளிப்படையாக உள்ளன. மறைத்து வைக்கப்பட்டது யாதும் இல்லை. உருட்டுவதற்குக் கட்டையும் இல்லை. ஆதலின், "அன்று எனக்கு நல்ல வேளை, வென்றுவிட்டேன்" என்னும் விளக்கம் பிற ஆட்டங்களுக்குப் பொருந்துமளவு சதுரங்கத்திற்குப் பொருந்தாது. எளியவன் வலியவனை வெல்ல வேண்டுமாயின், வலியவன் தவறு செய்ய வேண்டும். பொறி எந்த அளவுக்குத் தவறு செய்யும் என்பதே நம் ஆராய்ச்சியின் நடுப்பொருள்.

பொறி சதுரங்கம் ஆடுகிறது என்னும் பேச்சு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1770ஆம் ஆண்டில் வியன்னா நகரில், பேரரசி மரியா தெரசாவின் அவையில், கெம்பலன் என்பார் வியத்தகு பொறி ஒன்றைக் காட்டினார். பெட்டி ஒன்றன் பின்னே துருக்கியர் உடையணிந்த பாவை அமர்ந்திருந்தது. பெட்டியின் கதவுகளைத் திறந்து உள்ளிருந்த பற்சக்கரங்களைக் காட்டியபின், அப்பாவை தன் கையால் காய்களை நகர்த்தி ஆடும். வந்தோர் பெரும்பாலோரை வெல்லும். 1809ஆம் ஆண்டில் நெப்போலியனும் அதனோடு ஆடித் தோற்றார். ஐரோப்பா முழுவதும் அதனைக் கண்டு வியந்தது.

உண்மையில் அப்பெட்டியினுள் சதுரங்கம் வல்ல மனிதர் ஒருவர் ஒளிந்திருந்தார். கதவுகள் திறக்கப்படும்பொழுது அவர் நகரும் இருக்கையில் இங்குமங்கும் ஒதுங்கிக்கொள்வார். காய்களின் அடியில் பொருத்தப்பட்ட காந்தங்கள், மேலே எந்தக் காய் எங்கே நகர்ந்தது என்பதை உள்ளிருப்பவருக்குக் காட்டின. பின்னர் அப்பாவை அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கே எட்கார் ஆலன் போ என்னும் எழுத்தாளர் 1836ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து கட்டுரை ஒன்று வரைந்தார். காட்சி நடத்துவோருடன் வந்த சிலம்பெர்கர் என்பவர் காட்சி நடக்கும்பொழுது எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதையும், அவர் நோயுற்ற காலத்தில் காட்சியே நடைபெறவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். போ கூறிய காரணங்கள் அனைத்தும் சரியானவை அல்ல. ஆயினும், வியப்பில் மயங்காது, கண்ட நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தமையால் பெட்டிக்குள் மனிதர் உண்டு என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1854ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஏற்பட்ட தீயில் அப்பாவை எரிந்து போயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. அக்காலத்தார் மனிதனின் ஆட்டத்தைப் பொறியின் ஆட்டம் என்று நம்பினர். இக்காலத்திலோ, பின்னர்க் காணப்போவது போல, பொறியின் ஆட்டத்தைத் தம் ஆட்டமாகக் காட்டுவோர் உளர். இரண்டிலும் பலகையின்மேல் நிகழ்வதை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். ஆடுவது யார் என்று கேட்பவனே உண்மையை அணுகுவான்.

இனி, மெய்யான பொறிகளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1985ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், காஸ்பரோவ் ஒரே நேரத்தில் 32 சதுரங்கக் கணிப்பொறிகளோடு ஆடி 32 ஆட்டங்களிலும் வென்றார். அவர் உலக வாகையரானதும் அவ்வாண்டிலேயே ஆகும். அந்நாளில் பொறியை வெல்லுதல் நல்ல ஆட்டக்காரர் பலருக்கும் இயன்றதே. பதினோராண்டுகள் கழிந்தன. துருக்கியப் பாவை எரிந்த அதே பிலடெல்பியா நகரில், 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஐ.பி.எம். நிறுவனத்தாரின் டீப் புளூ என்னும் பொறி காஸ்பரோவை முதல் ஆட்டத்தில் வென்றது. எனினும் ஆறு ஆட்டங்களின் முடிவில் காஸ்பரோவே 4-2 என்னும் கணக்கில் வாகை சூடினார். மறு ஆண்டு மே திங்களில் நியூயார்க்கில் நிகழ்ந்த போட்டியில் நிலை மாறிற்று. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயவல்ல டீப் புளூ 3½-2½ என்னும் கணக்கில் வென்றது.

அதன்பின் மனிதர் பெற்ற வெற்றிகள் அருகிச் சென்றன. 2005ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில், முன்னாள் வாகையர் மூவர் மூன்று பொறிகளோடு ஆடினர். பொறிகள் 8-4 என்று வென்றன. அங்கே பொனமரியோவ் என்னும் உக்ரைன் நாட்டு வீரர் பிரிட்ஸ் என்னும் பொறியை ஓர் ஆட்டத்தில் வென்றார். நீண்ட நேர ஆட்டத்தில் வலிய பொறி ஒன்றை மனிதர் வென்ற கடைசி நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். மறு ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய உலக வாகையர் கிராம்னிக், டீப் பிரிட்ஸ் என்னும் பொறியிடம் 2-4 என்று தோற்றார். அப்போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில், எதிரி ஒரே நகர்த்தலில் தம் அரசனை மடக்கிவிடக்கூடிய நிலையை அவர் காணாது விட்டார். உலக வாகையரும் களைப்புறுவர், கண் தவறுவர். பொறிக்குக் களைப்பில்லை, கலக்கமும் இல்லை.

"அவை பெரிய பொறிகள், என் கையில் இருப்பது சிறிய கைப்பேசிதானே" என்று ஒருவர் கூறலாம். அதற்கும் விடையுண்டு. 2009ஆம் ஆண்டில் புவெனஸ் அயர்ஸ் நகரில் நடந்த ஒரு போட்டியில், கைப்பேசியில் இயங்கிய பாக்கெட் பிரிட்ஸ் என்னும் நிரல் பத்து ஆட்டங்களில் 9½ புள்ளி பெற்று முதலிடம் எய்தியது. நொடிக்கு 20,000 நிலைகள்கூட ஆராயாத அந்நிரல் அவ்வாறு ஆடியது. டீப் புளூவின் ஆற்றல் பெரிதும் விரைவில் இருந்தது. பின்வந்தவற்றின் ஆற்றலோ, ஆராய வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து ஆராய்வதில் இருந்தது. ஆகவே பொறியின் உருவச் சிறுமை அதன் ஆட்டச் சிறுமைக்கு அடையாளம் ஆகாது.

வலிமையை வெறுஞ் சொல்லால் கூறாமல் எண்ணாலும் அளந்து பார்க்கலாம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஈலோ என்பார் அதற்கோர் அளவுகோல் வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. இவ்வளவுகோலின்படி ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு. இருவருடைய எண்களுக்கும் இடையே 400 வேறுபாடு இருப்பின், வலியவர் பத்துப் புள்ளி பெறும்பொழுது எளியவர் ஒரு புள்ளி பெறுவார் என்று எதிர்பார்க்கலாம். வேறுபாடு 800 ஆயின் நூற்றுக்கு ஒன்று. 1200 ஆயின் ஆயிரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு 400க்கும் ஒரு சுழி கூடுகிறது.

நார்வே நாட்டுக் கார்ல்சன் 2014ஆம் ஆண்டு மே திங்களில் 2882 என்னும் எண்ணை எட்டினார். அதுவரை எந்த மனிதரும் அவ்வுயரத்தை அடைந்ததில்லை. ஸ்டாக்பிஷ் போன்ற இந்நாளைய வலிய பொறிகளின் எண்ணோ, பொறிகளுக்கென உள்ள பட்டியல்களில் 3500ஐத் தாண்டி நிற்கிறது. பொழுதுபோக்காக ஆடும் ஒருவரின் எண் 1500 என்று கொள்வோம். இடைவெளி 2000. எனவே அவர் இலட்சத்துக்கு ஒரு புள்ளி எதிர்பார்க்கலாம். நாள்தோறும் ஓர் ஆட்டம் ஆடினால், இலட்சம் ஆட்டங்கள் முடிய ஏறத்தாழ 274 ஆண்டுகள் ஆகும்! பொறிகளின் எண்கள் பெரும்பாலும் பொறிகள் தமக்குள் ஆடியதால் பெறப்பட்டவை. மனிதர் எண்களோடு அவற்றை அப்படியே ஒப்பிடுதல் நுட்பமான கணக்காகாது. இத்துணைப் பெரிய இடைவெளியில் இவ்வளவுகோலும் ஒரு மதிப்பீடே. ஆயினும், நாம் பேசுவது பத்தில் ஒன்றைப் பற்றியன்று, பல்லாயிரத்தில் ஒன்றைப் பற்றியது என்பதை உணர இக்கணக்கு போதும்.

அங்ஙனமாயின், "வென்றேன்" என்று கூறுவோர் அனைவரும் பொய் கூறுகின்றனரா? இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் தாம் கண்டதையே கூறுகின்றனர். ஆனால் கண்டதன் பொருளை அறியாது கூறுகின்றனர். இது எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம்.

சதுரங்க நிரல்கள் பலவற்றில் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் வழியுண்டு. தொடக்க நிலையினரும் மகிழ்ந்து ஆட வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே தவறு செய்யுமாறு அமைக்கப்பட்ட படிகள் உள்ளன. அத்தகைய கீழ்ப்படியில் பொறியை வென்ற ஒருவர், அந்நிரலின் புகழ்பெற்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, "இன்ன பொறியை வென்றேன்" என்கிறார். பெயர் மெய், வலிமை மெய்யன்று. வேறு சிலர் பொறிக்கு நொடிப்பொழுதே சிந்திக்க இடமளித்துத் தாம் மட்டும் நெடுநேரம் சிந்தித்திருப்பர். சிலர் தவறாக நகர்த்திய காயைத் திரும்பப் பெற்று வேறு வழியில் ஆடியிருப்பர். ஒருமுறை திரும்பப் பெற்றது நினைவில் தங்கும். பத்துமுறை திரும்பப் பெற்றது மறந்துபோகும்.

பழைய நிரல்கள் சில, ஒரே நிலையில் எப்பொழுதும் ஒரே நகர்த்தலைச் செய்யும் இயல்புடையன. நூறுமுறை தோற்றபின் ஒரு வழியில் வென்றவர், அவ்வழியை மனப்பாடம் செய்து மீண்டும் மீண்டும் வெல்லலாம். அது விடைத்தாளைப் பார்த்துப் படித்துத் தேர்வெழுதுவது போன்றது. இன்னும், இணைப்பு அறுந்தமையாலோ, கடிகாரத்தில் நேரம் தீர்ந்தமையாலோ பொறி தோற்றதாகக் குறிக்கப்படுவதும் உண்டு. தோல்வியுற்ற ஆட்டங்களைச் சொல்லாமல் விடுத்து, ஒன்றை மட்டும் எடுத்துக் கூறுவதும் உண்டு. இவையனைத்தினும் தீயது, மற்றொரு பொறியை மறைவில் வைத்துக்கொண்டு அது காட்டும் வழியில் காய் நகர்த்தி, வெற்றியைத் தனதென்று உரைப்பது. அங்கே ஆடியவை இரண்டு பொறிகள். மனிதன் காய் தூக்கியவன் மட்டுமே.

ஆகவே இத்தகைய கூற்றைக் கேட்டவுடன் சினத்தலும் வேண்டா, வியத்தலும் வேண்டா. சில வினாக்களை அமைதியாகக் கேட்டல் வேண்டும். பொறியின் பெயர் யாது? அஃது எவ்வாண்டில் வெளிவந்தது? 1985ஆம் ஆண்டின் பொறியை வென்றதும் இந்நாளையதை வென்றதும் ஒன்றல்லவே. எந்தப் படியில் அஃது ஆடியது? ஒவ்வொருவருக்கும் அளித்த நேரம் எவ்வளவு? காயைத் திரும்பப் பெற்றது உண்டா? அதற்கு முன் எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட்டன?

எல்லாவற்றுக்கும் மேலான வினா ஒன்றுண்டு: நகர்த்தல்களின் குறிப்பு எங்கே? சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வைக்கும் முறை உள்ளது. அக்குறிப்பு கைக்கு வந்தால், ஆட்டம் முழுவதையும் மீண்டும் பலகையில் நிகழ்த்திப் பார்க்கலாம். பன்னிரண்டாம் நகர்த்தலில் பொறி ஒரு குதிரையை ஈடு எதுவுமின்றி இழந்துள்ளதாயின், அது தன் முழு வலிமையில் ஆடவில்லை என்பது வெளிப்படை. அதே பொறியை அதே நிலையில் நிறுத்தி, அஃது அந்நகர்த்தலைச் செய்கிறதா என்றும் சோதிக்கலாம். வென்றவரின் நகர்த்தல்கள் தொடக்கமுதல் முடிவுவரை மற்றொரு வலிய பொறியின் தேர்வோடு ஒத்திருப்பின், அங்கும் ஐயத்துக்கு இடமுண்டு. இறுதியாக, சான்றினர் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை ஆடிக் காட்டுமாறு வேண்டலாம். மெய்யான ஆற்றல் ஒருமுறை மட்டும் வந்து மறைவதன்று.

இவ்வாறு ஐயுறுதல் உண்மையான வெற்றியை அவமதிப்பதாகாதோ என்று சிலர் வினவலாம். ஆகாது, உண்மையான வெற்றிக்கு அது சிறப்பே செய்யும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிராண்டு மாஸ்டர் நாகமுரா, அந்நாளில் வலிமையில் முன்னணியில் நின்ற ரிப்கா என்னும் பொறியை ஒரு விரைவாட்டத்தில் வென்றார். இரு தரப்பும் ஊடுருவ இயலாதவாறு பலகையை அடைத்துவிட்டு, அவர் தம் காய்களை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டேயிருந்தார். காய் வெட்டப்படாமலும் காலாள் நகராமலும் இரு தரப்பும் ஐம்பது ஐம்பது நகர்த்தல்கள் ஆடிவிட்டால் ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்கலாம் என்பது விதி. தானே மேம்பட்டிருப்பதாகக் கணக்கிட்ட பொறி, சமநிலையைத் தவிர்க்க வேண்டித் தன் அரணைத் தானே உடைத்துக் கெட்டது. ஆட்டம் 271 நகர்த்தல்கள் வரை நீண்டது. வியப்பான செய்திதான், ஆயினும் அதனை அறிந்தோர் ஏற்றுக்கொள்கின்றனர். ஏன்? ஆடியவர் யார், எதிர்த்தது எது, முதல் நகர்த்தல் முதல் இறுதி நகர்த்தல் வரை நிகழ்ந்தது என்ன, பொறி தோற்றதற்குக் காரணம் யாது என்பனவெல்லாம் எவரும் ஆராயுமாறு திறந்து கிடக்கின்றன. வியப்பான செய்தியும் சான்றோடு வரும்பொழுது ஏற்கப்படுகிறது.

சான்று கேட்கும் உரிமை உடையவன், தன் ஐயத்துக்கும் சான்று காட்டக் கடமைப்பட்டவன். 1997ஆம் ஆண்டுப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் தோற்ற காஸ்பரோவ், பொறியின் நகர்த்தல் ஒன்றைக் கண்டு, அதன் பின்னே மனிதர் கை உண்டோ என்று ஐயுற்றார். பொறி எவ்வாறு சிந்தித்தது என்னும் பதிவுகளைக் காட்டுமாறு கேட்டார். அவர் கேட்டது தவறன்று. அப்பதிவுகளைப் பின்னர் அந்நிறுவனத்தார் வெளியிட்டனர். மனிதர் தலையிட்டனர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பதிவைக் கேட்பது அறிவுடைமை. மெய்ப்பிக்கப்படாததை முடிவாகக் கொள்ளுதல் அறிவுடைமையன்று. "உன் கூற்றுக்குச் சான்று போதவில்லை" என்பது வேறு. "நீ பொய்யன்" என்பது வேறு. முன்னது ஆராய்ச்சி, பின்னது பழி. தவறாகச் சாட்டப்பட்ட பழி ஓர் இளைஞனின் நற்பெயரை வாழ்நாள் முழுவதும் வாட்டக்கூடும். ஆதலின் முன்னதைத் துணிந்து கூறுக. பின்னதைக் கூறுமுன் நூறுமுறை எண்ணுக.

மாணவர்களே! பொறியிடம் தோற்பதில் இழிவு ஏதும் இல்லை. மிதிவண்டியோடு ஓடித் தோற்றவனை எவரும் எள்ளி நகையாடார். வலிய பொறியோடு ஆடித் தோற்று, எந்த நகர்த்தலில் தவறினோம் என்று அதனிடமே கேட்டு அறிபவன் நாள்தோறும் வளர்கிறான். படியைத் தாழ்த்தி வைத்து வென்று, அதனை மறைத்துப் புகழ் தேடுபவனோ நின்ற இடத்திலேயே நிற்கிறான். அவன் பிறரை ஏமாற்றுவது சிறிது. தன்னை ஏமாற்றிக்கொள்வதே பெரிது.

சதுரங்கப் பலகையில் கற்கும் இவ்வழக்கம் பலகையோடு நின்றுவிடுவதன்று. தீராத நோயை மூன்று நாளில் தீர்த்ததாக ஒருவர் கூறலாம். ஒன்றைப் பத்தாக்கும் வழி கண்டதாக மற்றொருவர் கூறலாம். அங்கும் நாம் கேட்க வேண்டியவை இவையே: எந்நிலையில் நிகழ்ந்தது? எத்தனை முறை முயன்றதில் நிகழ்ந்தது? பதிவு எங்கே? மீண்டும் நிகழுமா? இவ்வினாக்களைப் பணிவோடும் அஞ்சாமலும் கேட்கப் பழகியவன் எளிதில் ஏமாறான். பிறர் தன்னை நோக்கி இவ்வினாக்களைக் கேட்கும்பொழுது முகம் சுளியாமல் விடை கூறப் பழகியவனோ, எவரையும் ஏமாற்றான்.